பின்மிதி

குளோதியுஸின் ஆட்கள் மூன்றாவது தடவையாகச் சைக்கிள் கடைக் கண்ணாடியை உடைத்தபோது ரெஜிஸின் கையில் முழ நீளத்துக்கு ஒரு ஸ்பேனர் இருந்தது. செங்கல் உள்ளே வந்து விழுந்து, மேசைமேல் அடுக்கிவைத்திருந்த பல்சக்கரங்களைச் சிதறடித்தது. ஒன்று உருண்டுபோய் வாசல்படியில் நின்றது. வெளியே நாலு தடியன்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஓடக்கூட இல்லை. ஓடத் தேவையில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். சேன்-எத்தியென் ஊருக்கே தெரியும்.

ரெஜிஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது.

மாடிப்படியில் நின்ற அவன் மனைவி ஒக்தாவி, "வச்சிட்டியா?" என்றாள்.

"வச்சிட்டேன்."

"சரி. துடைப்பத்தை எடு."

இரண்டு வருடத்துக்கு முன்பு இதே ரெஜிஸ், சாராயக் கடையில் ஏதோ ஒரு வார்த்தைக்காக, பெத்ருஸ் என்ற சுரங்கத் தொழிலாளியின் தாடையை இரும்புக் கம்பியால் உடைத்தவன். என்ன வார்த்தை என்பது அவனுக்கே இப்போது நினைவில்லை. எட்டு மாதம் சிறை. பெத்ருஸுக்கு ஆயுள் முழுக்கக் கஞ்சிதான். அந்த எட்டு மாதமும் ஞாயிறு தவறாமல் ஒக்தாவி அந்த வீட்டுக்குச் சூப் எடுத்துக்கொண்டு போனாள். பெத்ருஸின் வாயோரம் வழிவதைத் துடைத்தும் விட்டாள். ரெஜிஸ் வெளியே வந்த அன்று, சிறை வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "இன்னொரு மனுஷன் உன்னால விழுந்தான்னா, அன்னிக்கே நான் கிளம்பிடுவேன். கத்த மாட்டேன், அழ மாட்டேன். போயிடுவேன்."

ஒக்தாவி சொன்னால் செய்கிறவள். சமையலில் உப்பு அதிகம் என்று அவன் ஒருநாள் முனகியதற்கு, ஒரு மாதம் உப்பே போடாமல் சமைத்தவள். ஆகவே ரெஜிஸ் அன்றிலிருந்து பூனையாகிவிட்டான். உள்ளே இருந்தது என்னவோ பூனை இல்லை.

குளோதியுஸ் ஆடு மாடு அறுக்கும் தொட்டியில் வேலை பார்ப்பவன். மாட்டின் பின்காலை ஒற்றைக் கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டுவான். மேடு ஏறும் சைக்கிள் பந்தயத்தில் நாலு வருடமாக அவன்தான் ராஜா. அவனுடைய வண்டியில் ஒரே ஒரு பல்சக்கரம், அதுவும் சக்கரத்தோடு இறுகப் பூட்டியது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே ஆகவேண்டும். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க, சுற்றிவரும் பெடலைக் காலால் பின்பக்கம் அழுத்திப் பிடிக்கவேண்டும். கைப்பிரேக் வைத்த வண்டியைப் பார்த்தாலே காறித் துப்புவான். "பிரேக்கு பொம்பளைங்களுக்குடா. எனக்குத் தொடை இருக்கு!" என்று தொடையைத் தட்டிக் காட்டுவான்.

அவனுக்கு ரெஜிஸ்மேல் என்ன காழ்ப்பு? ரெஜிஸ் அவனை ஒன்றும் செய்யவில்லை. செய்தது ஒக்தாவி.

அவள் வேலை, மலைமேல் இருக்கும் ரிப்பன் நெசவாளர் வீடுகளுக்குப் பட்டு நூலைக் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த ரிப்பனை வாங்கிவருவது. காலையில் ஊருக்குள் கல் பாவிய தெரு, பிறகு பள்ளத்தாக்கில் சமதளம், பிறகு மூச்சு வாங்கும் ஏற்றம். ஒற்றைப் பல் வண்டியில் பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் நடந்தாள். சிறையிலிருந்து வந்த ரெஜிஸுக்கு மனைவிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்றிருந்தது. இன்னதென்று தெரியாமல் பின்மிதி வண்டி செய்தான். பின்சக்கரத்தில் இரண்டு ஃப்ரீவீல், அதாவது ஒரு பக்கம் சுற்றினால் மட்டும் சக்கரத்தை இழுத்து, மறுபக்கம் சும்மா சுற்றும் பல்சக்கரம்: ஒன்று சின்னது, ஒன்று பெரியது. ஒரே செயின் சின்னதன் மேலேறி, கீழே ஒரு சிறு உருளையைச் சுற்றித் திரும்பி, பெரியதை எதிர்ப்பக்கமாகத் தழுவிக்கொண்டு போகும். பெடலை முன்பக்கம் மிதித்தால் சின்னது இழுக்கும், சமதளத்தில் பறக்கலாம். பின்பக்கம் மிதித்தால் பெரியது இழுக்கும், மேட்டில் ஏறலாம். எப்படி மிதித்தாலும் வண்டி முன்னேதான் போகும். நிறுத்தக் கைப்பிரேக் மட்டும்தான்.

ஏப்ரல் மாதம் ஒருநாள் குளோதியுஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மேடு ஏறிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒக்தாவி, இரண்டு கூடை ரிப்பனோடு, கால்களைப் பின்பக்கமாகச் சுழற்றிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முனகிப் பாடியபடி அவனைக் கடந்து போனாள். போகிற போக்கில் "வணக்கம், முசியே!" என்று வேறு சொன்னாள். அதை வண்டிக்காரன் ஒருவன் பார்த்துவிட்டான். மாலைக்குள் ஊரில் எல்லாச் சாராயக் கடையிலும் இதே பேச்சு. பொம்பளை பின்னால் மிதித்தே குளோதியுஸை முந்திவிட்டாளாம்! அவன் உள்ளே நுழைந்தால் யாராவது நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால்களைப் பின்பக்கம் சுழற்றிக் காட்டினார்கள். அப்படிக் காட்டிய ஒருவனுக்கு மூக்கெலும்பு போயிற்று. மற்றவர்கள் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் கடைக் கண்ணாடிகள் உடைய ஆரம்பித்தன.

மூன்றாவது கண்ணாடிக்கு மறுநாள் ஒக்தாவி நேரே அறுப்புத் தொட்டிக்கே போய் நின்றாள். ரத்தத்தில் கால் வைக்காமல் நிற்க இடமில்லை.

"ஞாயித்துக்கிழமை," என்றாள். "ஊர் எல்லையிலேர்ந்து பெரிய காடு கணவாய் வரைக்கும். நீ முந்தினா நாங்களே கடையை மூடிட்டு ஊரை விட்டுப் போறோம். நான் முந்தினா உன் ஆளுங்க எங்க தெருவுல கால் வைக்கக் கூடாது."

குளோதியுஸ் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "உன் புருஷன் எங்க? பாவாடை துவைக்கிறானா?"

"துவைக்கிறான். உன்னுதையும் குடு, துவைச்சுத் தருவான்."

தொட்டியில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். குளோதியுஸ் கையிலிருந்த கத்தியை மரக்கட்டையில் பிடிவரை இறங்கும்படி குத்தினான். "ஞாயித்துக்கிழமை வாடி, பாத்துக்கலாம்."

அந்த வாரம் ரெஜிஸ் சரியாகத் தூங்கவில்லை. வண்டி நெசவாளர் வீடுகளுக்குப் போவதற்குப் போதும், குளோதியுஸை வெல்லப் போதாது. சமதளத்தில் அவன் ஓடிவிடுவான், கணவாய்க்கு முன்னால் வரும் காட்டு ஏற்றத்தில் ஒக்தாவிக்கு இன்னும் லேசான மிதி வேண்டும். ஆகவே இரண்டு பக்கமும் இழுத்தான். முன்னால் நாற்பது பல்லை எடுத்துவிட்டு நாற்பத்துநாலு போட்டான். பின்னால் பெரிய ஃப்ரீவீலில் இருபத்துநாலுக்குப் பதிலாக முப்பது, அரம் தேய்த்து அவனே வெட்டியது. செயின் நீளமாகித் தொங்கியது. உருளையை ஒரு சுருள்வில்லில் பொருத்தித் தொங்கலை இழுத்துப் பிடித்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒக்தாவி ஒருமுறை மேட்டுக்குப் போய்வந்தாள்.

"சமதளத்துக்கு ஒண்ணு, மேட்டுக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல பெரிய பள்ளமா இருக்கே, அங்க என்ன பண்றது?"

"அங்க என்னைத் திட்டிக்கிட்டே மிதி."

"அது எல்லா இடத்துலயும் பண்றதுதானே!" என்று சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. ரெஜிஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஞாயிறு காலை, அவள் புறப்படுவதற்கு முன்பே ஒரு மரவண்டியில் ஏறி ரெஜிஸ் காட்டுக்குப் போய்விட்டான். குளோதியுஸின் ஆட்கள் எங்கே நிற்பார்கள் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஏற்றம் மிகக் கடுமையாக இருக்கிற, வண்டி நடக்கிற வேகத்தில் போகிற, இருபக்கமும் மரம் நெருங்கி நிற்கிற வளைவில்தான். பதினோரு பேர் இருந்தார்கள். தடி, கற்குவியல், கொஞ்சம் சாராயம்.

ரெஜிஸ் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பாதை நடுவே போய் நின்றான்.

"டேய், பாவாடை வந்திருக்குடா!"

"தள்ளிக்க ரெஜிஸ். உன்மேல எங்களுக்குக் கோபம் இல்ல."

"நான் நிக்கிறேன். அவ வர்ற வரைக்கும் நிக்கிறேன். அடிக்கிறதுன்னா என்னை அடிங்க."

கேட்டதைக் கொடுத்தார்கள். முதல் அடி முழங்காலில். இரண்டாவது அடியில் விலா எலும்பு ஒன்று உடைந்ததை அவனே காதால் கேட்டான். விழுந்தான், எழுந்தான், கைகளை மறுபடி பைக்குள் விட்டான். அதுதான் அவர்களுக்கு ஆத்திரமூட்டியது. திருப்பி அடிக்காதவனை அடிப்பதில் ருசியில்லை, ஆகவே இன்னும் பலமாக அடித்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு கல் பட்டு ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. பைக்குள்ளே அவன் நகங்கள் தொடையைக் கிழித்துக்கொண்டிருந்தன. ஒருவனுடைய கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எப்படிப் பிடித்தால் எப்படி முறியும் என்பதுகூட அவன் கண்முன் வந்துபோனது.

அப்போது ஒக்தாவி வளைவில் தெரிந்தாள். தனியாக வந்தாள். கால்கள் பின்பக்கமாக, அவசரமில்லாமல், அரவைக்கல் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. முந்நூறு கஜம் பின்னால் குளோதியுஸ், நின்றுகொண்டே மிதித்து, வண்டியை இடமும் வலமும் முறுக்கி, தொண்டை கிழியக் கத்தினான்: "அடிங்கடா! வேடிக்கையா பாக்கறீங்க?"

கற்கள் பறந்தன. ஒன்று அவள் நெற்றியைப் பிளந்தது. ஒருவன் தடியை ஓங்கிப் பாய்ந்தான். ரெஜிஸ் தரையிலிருந்தபடியே உருண்டு அவன் காலடியில் போய் விழுந்தான். குறி தவறி, தடி ஹேண்டில்பாரில் இறங்கியது. பிரேக் பிடி ஒடிந்து, கம்பியோடு தொங்கி ஆடியது. ஒக்தாவி ஒரு கணம் புருஷனைப் பார்த்தாள். கண்ணில் ரத்தம் வழிந்தது. நிற்கவில்லை. நின்றால் எல்லாம் போச்சு என்று இருவருக்கும் தெரியும்.

"போ! போடி!" என்று ரெஜிஸ் கத்தினான்.

அவள் போனாள். ஒரு கால் நொண்டி, விலாவைப் பிடித்துக்கொண்டு, ரெஜிஸ் மீதித் தூரத்தை நடந்தே ஏறினான். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடித்தவர்கள் கூடவே நடந்து வந்தார்கள், அவர்களுக்கும் முடிவு தெரியவேண்டுமே. ஒருவன் தாங்கிக்கூடப் பிடித்தான். மனிதர்கள் விசித்திரமானவர்கள்.

கணவாயில் சத்திரத்துக்கு எதிரே கூட்டம். ஒக்தாவி ஆறு நிமிடம் முந்தியிருந்தாள். கடைசி ஏற்றத்தில் குளோதியுஸ் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தானாம். சத்திரக்காரி ஒக்தாவியை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் நெற்றியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே, சுவரில் சாய்த்து வைத்த பின்மிதி வண்டியைச் சுற்றி ஆட்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குறும்பாகத் தன் கால்களைப் பின்பக்கம் சுழற்றிக் காட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

குளோதியுஸ் தன் வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிச் சத்திரத்துக் கல்தூணில் அடித்தான். முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்தது. மறுபடி அடித்தான், மறுபடியும். கைப்பிடி உடைந்து வந்தது. சிரிப்பு நின்றுபோனது. அப்போதுதான் நொண்டிக்கொண்டு வந்த ரெஜிஸ் அவன் கண்ணில் பட்டான்.

"உள்ள மோட்டார் வச்சிருக்கியாடா? சொல்லு!"

"பல்சக்கரம்தான். முப்பது பல்லு. எண்ணிப் பாத்துக்க."

குளோதியுஸின் முஷ்டி அவன் வாயில் இறங்கியது. இரண்டு பல் போயிற்று. சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தான். ரெஜிஸின் கைகள் பைக்குள்ளேயே இருந்தன. கூட்டத்தில் ஒரு கிழவர், "விடுடா, திருப்பி அடிக்காதவனைப் போய்!" என்று கத்தினார். குளோதியுஸ் அவனைக் குப்பை மூட்டை மாதிரி கீழே போட்டுவிட்டு, சுவரில் இருந்த பின்மிதி வண்டியை இழுத்தான்.

"இதை ஊருக்கு எடுத்துட்டுப் போறேன். எங்க சைக்கிள் சங்கத்து வாசல்ல போட்டுச் சம்மட்டியால உடைக்கிறேன். எல்லாரும் வந்து பாருங்கடா, இந்தப் பொட்டை வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு!"

காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தான். ஒடிந்த பிரேக் பிடி அவன் முழங்கால் பக்கத்திலேயே தொங்கியது. அவன் அதைப் பார்க்கவில்லை. பிரேக்கைத் தேடுகிற வழக்கமே அவனுக்கு இல்லை.

ரெஜிஸ் பார்த்தான். மல்லாந்து கிடந்த அவன், இரண்டு அடி தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். கீழே பாதை எப்படி இறங்குகிறது என்று தெரியும். குளோதியுஸ் வேகத்தைக் குறைக்க என்ன செய்வான் என்று தெரியும். பத்து வருடமாகச் செய்ததைத்தான் செய்வான், பெடலைப் பின்னால் அழுத்துவான். அழுத்தினால் இந்த வண்டி என்ன செய்யும் என்று அதைச் செய்தவனைவிட யாருக்குத் தெரியும்? வாயில் ரத்தம் இருந்தாலும் நாக்கு நன்றாகத்தான் இருந்தது. துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. குளோதியுஸ் வண்டியைத் திருப்பினான், காறி அவன்மேல் உமிழ்ந்தான், தொப்பியைச் சரிசெய்தான். அவ்வளவு நேரம் இருந்தது.

ரெஜிஸ் வாயை மூடிக்கொண்டான்.

சத்திரக் கதவைத் திறந்துகொண்டு, தலையில் பாதிக் கட்டோடு ஒக்தாவி வெளியே வந்தாள். ஒரே பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. "பின்னால மிதிக்காத!" என்று அலறினாள். "குளோதியுஸ்! பின்னால மிதிக்காத! பிரேக் இல்ல!" அவன் காதில் அது கேலியாகத்தான் விழுந்திருக்கவேண்டும். கையை ஆபாசமாக ஆட்டிக் காட்டிவிட்டு இறக்கத்தில் இறங்கினான்.

முதல் நூறு கஜம் சாய்வு குறைவு. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்க நினைத்துப் பின்னால் அழுத்தினான். வண்டி குதித்து முன்னே போனது. சரியாக அழுத்தவில்லை என்று நினைத்து, அந்தப் புகழ்பெற்ற தொடைகளின் மொத்த பலத்தையும் கொடுத்து அழுத்தினான். இன்னும் வேகம் கூடியது. பிறகு பாதை செங்குத்தாக விழுந்தது. சக்கரம் காலை முந்திவிட்டது, பெடல் பிடிமானமே இல்லாமல் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றியது, கால்கள் அதிலிருந்து தெறித்தன. மேலேயிருந்து எல்லோரும் பார்த்தார்கள். வளைவில் மரம் அறுப்பவர்கள் அடுக்கியிருந்த தேவதாரு அடிமரங்களில் அவன் மோதினான். சத்தம் தாமதமாக மேலே வந்தது, ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல.

முதலில் ஓடியவள் ஒக்தாவிதான். அடிமரத்தில் நீட்டிக்கொண்டிருந்த வெட்டுக்கிளை ஒன்று அவன் விலாவுக்குள் போயிருந்தது. முகத்தில் ஒரு பக்கம் இல்லை. உயிர் இருந்தது. அவள் மண்டியிட்டு அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"நிக்கல..." என்றான் குளோதியுஸ். குழந்தை முறையிடுவதுபோல. "அழுத்தினேன்... அது நிக்கல."

"ஆமாம்பா. தெரியும். பேசாத."

வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். வழிந்துகொண்டே இருந்தது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள், நின்றுபோகும்வரை.

மத்தியானத்துக்கு மேல் போலீஸ்காரர் ஒருவர் குதிரையில் வந்தார். சத்திரத்து மேசையில் நோட்டைத் திறந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். குளோதியுஸின் ஆட்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்கள். "காலையிலேர்ந்து நாங்க இந்த மனுஷனை அடிச்சோம் ஐயா, தப்புதான். ஒரு தடவைகூடக் கையை வெளிய எடுக்கல. குளோதியுஸ் பல்லை உடைச்சான், அப்பவும் எடுக்கல." ஒருவன் அழுதேவிட்டான். ரெஜிஸின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். இந்த ஊரிலேயே இப்படி ஒரு பொறுமைசாலி கிடையாது என்றார் கிழவர். போலீஸ்காரர் தலையை ஆட்டி, அதையும் எழுதிக்கொண்டார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்கமேல ஒரு குத்தமும் இல்ல," என்று நோட்டை ரெஜிஸ் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பிணத்தை ஏற்ற வண்டி பிடிக்க எழுந்து வெளியே போனார்.

ஒக்தாவி மேசைக்கு எதிரே வந்து நின்றாள். பாவாடை முழுக்கக் காய்ந்த ரத்தம். அதில் எது அவளுடையது, எது குளோதியுஸுடையது என்று சொல்லமுடியாது.

"பிரேக் உடைஞ்சிருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் வெளிய வர்றப்போ நீ அவன் காலடியில கெடந்த. கண்ணு தெறந்திருந்தது."

"அவன் என்னை என்ன பண்ணான்னு பாத்தியா?" உடைந்த பல்லுக்கிடையே அவனுக்குப் பேச்சு சீறியது. "பதினோரு பேரு, ஒக்தாவி! விலா எலும்பு போச்சு, பல்லு போச்சு. நான் கை வைக்கல. ஒருத்தன்மேலகூட வைக்கல. உனக்காக!"

"நீ அவனை அடிச்சிருக்கலாம், ரெஜிஸ்," என்றாள் ஒக்தாவி. "அடிச்சுப் போட்டிருந்தா வண்டியில ஏறியிருக்க மாட்டான். உயிரோட இருந்திருப்பான்."

கத்தவில்லை. அழவும் இல்லை. சத்திரக்காரியிடம் சால்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மலையின் மறுபக்கம் இறங்கும் பாதையில் நடந்தாள். அந்தப் பக்கத்தில்தான் அவள் அக்கா வீடு. ரெஜிஸ் எழுந்து ஜன்னலுக்குப் போகப் பார்த்தான், முழங்கால் விடவில்லை.

போலீஸ்காரர் திரும்பி வந்தார். "இன்னும் போடலையா?" என்று கேட்டு, பேனாவை மையில் தோய்த்து நீட்டினார். ரெஜிஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.